குறையில்லாத உடம்பு

...அதுவும் எனாமல் பேசின், நீலப்பூ போட்டது, மனைவி சார்பொமாவின் கடைச் சரக்கு, மற்றவர்கள் இதில் மீன் கழுவுவார்கள், குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள், அவன் மட்டும் பின்புறத்தை ஊறவைத்துக்கொண்டிருக்கிறான், ஓபிரி, உரிமம் பெற்ற நில அளவையாளர், குமாசியில் மாடி வீடு, ஜெர்மனியில் மகன் நியார்க்கோ, முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வர உப்புத்தண்ணீரில் ஒரு தவளை. தண்ணீர் ஆறிவிட்டது. கூப்பிட்டால் வந்து இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றுவாள், ஆனால் கூப்பிட வேண்டும், இந்தக் கோலத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டும், மனைவியாக இருந்தால் என்ன... காலையிலேயே ஒரு முறை கத்தியாகிவிட்டது, தண்ணீர்கூடப் பதமாகச் சுடவைக்கத் தெரியாதா உனக்கு என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பதும் ஒரு திமிர்தான். தண்ணீருக்குள் இருக்கும்வரை வலி இல்லை, எழுந்தால் வரும், எழுந்துதான் ஆக வேண்டும், இன்று அவர்கள் வருகிறார்கள், அரசித்தாய் பிராகோவும் அவள் சொல்வதைச் சபைக்கு எடுத்துச் சொல்லும் சொல்லாளி ஓபெங்கும், சொந்த ஊர் ஒடூம்க்ரோமிலிருந்து இவ்வளவு தூரம், ஊர்த்தலைவனின் பீடத்தில் உட்கார அவனைக் கேட்பதற்கு. உட்கார. அந்த வார்த்தையை வேறு எவனும் இப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

டாக்டர் என்பவன் ஒரு பையன், மீசைகூட ஒழுங்காக முளைக்காதவன், தாளில் படம் போட்டான், இது குடல், இது தோல், நடுவில் ஒரு சுரங்கம், இதுக்குப் பேர் பவுத்திரம் ஐயா, மூலம் வேற, இது வேற. சுரங்கத்தை நீளமாகக் கீறித் திறந்துவிட்டார்களாம், தையல் கிடையாதாம், திறந்தே கிடக்க வேண்டுமாம், அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டுமாம். மேல்தோல் அவசரப்பட்டு முதல்ல மூடிக்கிச்சுன்னா வெளிக்கதவு பூட்டியாச்சு, திருடன் உள்ளதான் இருக்கான், என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். எத்தனை பேரிடம் சிரித்திருப்பான் இதே சிரிப்பை, வார்டில் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்த அத்தனை பேரிடமும் சிரித்திருப்பான், தச்சன், போலீஸ்காரன், தேவாலயத்தில் மேளம் அடிக்கிறவன், எல்லோருக்கும் ஒரே திருடன். தினமும் காலையில் உப்புத்தண்ணீர், பிறகு காஸ் துணியைத் திரியாக்கிப் புண்ணின் அடிவரை வைக்க வேண்டும், வாய் முதலில் மூடிவிடாமலிருக்க. யாராவது பார்த்து வைக்கணும் ஐயா, உங்களால முடியாது, அந்தப் பக்கம் யாருக்கும் கண்ணு கிடையாது. அதற்கும் சிரித்தான்.

மூலம் வேறு, இது வேறு. அதை முன்பே ஒருவன் சொல்லியிருந்தால்... ஆனால் யார் சொல்வது, இந்த நாட்டில் இடுப்புக்குக் கீழே வருவதெல்லாம் மூலம்தான், கட்டி வந்தாலும் மூலம், கவலை வந்தாலும் மூலம். பஸ்ஸில் ஒருவன் கழுத்தில் ஒலிபெருக்கியோடு ஏறினான், அம்மாமாரே ஐயாமாரே, இடுப்பு வலி, உடம்புச் சூடு, மூலம், ராத்திரியில பொண்டாட்டி முன்னாடி தலை குனியறது, எல்லாத்துக்கும் ஒரே பாட்டில், குடிச்சவன் திரும்பி வந்து என்னைத் திட்டினதே இல்ல! அவன் உயிரோட இருந்தாத்தானே திட்டுவான் என்று பின்னால் ஒரு கிழவி சொன்னாள், பஸ்ஸே சிரித்தது. ஓபிரியும் சிரித்தான், ஜன்னல் பக்கம் திரும்பி, படிக்காத ஜனம் என்று நினைத்துக்கொண்டு. பஸ் நின்று எல்லோரும் போன பிறகு திரும்பிப் போய் அந்தப் பாட்டிலை வாங்கியவனும் அதே ஓபிரிதான். அதோடு விட்டானா... இஞ்சியும் மிளகாயும் அரைத்துத் தண்ணீரில் கரைத்து ரப்பர் பந்தில் உறிஞ்சி உள்ளே ஏற்றுவது, தொட்டில் குழந்தையிலிருந்து எல்லா வயிற்றுக்கும் எல்லா அம்மாக்களும் செய்வது, அதையும் செய்தான், உள்ளே ஒரு கட்டி சீழ் கோத்து நின்ற இடத்தில், மிளகாயை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐம்பத்தெட்டு வயது மனிதன் தரையைக் கையால் அறைந்தான். வெளியிலிருந்து சார்பொமா கேட்டாள், “என்ன நியார்க்கோ அப்பா, பாட்டுப் பயிற்சியா?” சிரித்தாளா, சிரிக்கவில்லையா, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை.

கட்டு மாற்ற முதலில் கிளினிக்குக்குத்தான் போனான். அங்கே ஒரு நர்ஸ் பெண், கையுறையை மாட்டிக்கொண்டே, குப்புறக் கிடந்தவனின் முகத்தைக் குனிந்து பார்த்தாள், “ஐயா முகம் எங்கூர்ச் சாடையா இருக்கே, ஒடூம்க்ரோம் பக்கமா?” சுன்யானி என்றான். சுன்யானியில் அவனுக்கு ஒரு நாய்கூடச் சொந்தம் இல்லை. அதோடு கிளினிக் முடிந்தது, டாக்டரும் முடிந்தான், மறுபடி வந்து காட்டச் சொன்னதும் முடிந்தது. ஒடூம்க்ரோமில் ஒருத்திக்குத் தெரிந்தால் மாலைக்குள் கிணற்றடிக்குத் தெரியும், மறுநாள் அரண்மனைக்குத் தெரியும். உறவுக்காரர்களிடம் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லியிருக்கிறான். ஆகவே சார்பொமா. அவள் முகம் சுளிக்கவில்லை, “பேசின் விக்கறதுக்கு முன்னாடி சந்தையில மீன் வயித்தைக் கீறிப் பிழைச்சவதான் நான், படுங்க,” என்றாள். அது இரக்கமா, மீனுக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லை என்பதா. தலையணையை இடுப்புக்கடியில் வைத்துக் குப்புறப் படுப்பான், அவள் போன் விளக்கைப் போட்டு மேசையில் சாய்த்து வைப்பாள், இடுக்கியின் சில்லிப்பு, பிறகு திரி, உள்ளே, இன்னும் உள்ளே, பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கேட்பான், எப்படி இருக்கு. ஆறுது. அடியிலேர்ந்தா? அடியிலேர்ந்துதான். நிறம்? தக்காளியை அறுத்தா உள்ள இருக்குமே அந்த நிறம், நல்லா இருக்கு. தினமும் தக்காளி. ஒரு நாள் கண்ணாடியை வைத்துப் பார்க்க முயன்றான், சுவர் தெரிந்தது, தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, யாரோ பக்கத்து வீட்டுக்காரனுடையதைப் போலத் தொடையில் ஒரு துண்டு தெரிந்தது. போன்ல படம் எடுத்துக் காட்டட்டுமா என்று அவளே கேட்டாள். அவன்தான் சீறினான், பீடத்துக்குப் போகிறவனின் அந்த இடம் ஒரு போனுக்குள் கிடப்பதா, மகனுக்கு ஏதோ அனுப்பப்போய் அது போய்ச் சேர்வதா.

பீடம்... யாருக்கு வேண்டும் அது. எத்தனை தலைவர்களுக்கு நிலம் அளந்து கொடுத்திருக்கிறான், ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றுவிட்டு மூன்று பேரிடமும் சாராயம் வாங்கி முன்னோருக்கு ஊற்றுகிறவர்கள், வெயிலே இல்லாத நாளிலும் தலைக்கு மேல் குடை, விரல் மடங்காத அளவுக்கு மோதிரம், பக்கத்தில் ஒருவன் துடைத்துவிடக் காத்திருப்பான், இவர்கள் வேர்ப்பதற்குக்கூட ஆள் வைத்திருக்கிறவர்கள். அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே சிரித்திருக்கிறான். பீடத்திலிருந்த தாய்மாமன் இறந்தபோதும், பீடம் காலியானபோதும், எனக்கென்ன என்றுதான் சொன்னான், எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னான். பிறகு பெரியம்மா மகன் டார்க்வாவின் பெயர் வந்தது, உதிரிபாகக் கடைக்காரன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், அன்று இரவு ஓபிரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டார்க்வாவை நிராகரித்தார்கள், கடைசல் இயந்திரம் அவனுடைய சுண்டுவிரலில் பாதியைத் தின்றிருந்தது, பீடத்துக்குப் போகும் உடம்பில் குறை இருக்கக் கூடாது, வெட்டு கூடாது, ஆறாத புண் கூடாது. பாதி விரலுக்காக ஒரு மனிதனை... மூடத்தனம், என்று கூட்டத்தில் எழுந்து சொன்னான், கண்ணியமாக. வெளியே வந்து காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் தட்டித் தட்டிச் சிரித்தான். அப்போது கட்டி இல்லை. கட்டி பிறகு வந்தது. மழைக்காலம் முடிந்ததும் அவனைக் கறுத்த பீடத்தின் மேல் மூன்று முறை இறக்குவார்கள், இரண்டு பேர் கையைப் பிடித்து, மூன்று முறையும் பின்புறம் மரத்தில் பட்டு எழ வேண்டும், முன்னோர் உட்கார்ந்த மரம், அதில் ஒரு சொட்டு பட்டால்... தலையில் வந்திருக்கலாம், முதுகில் வந்திருக்கலாம், இத்தனை பெரிய உடம்பில் வேறு இடமா இல்லை.

“நியார்க்கோ அப்பா! கார் வந்துருச்சு! வாசல்ல நிக்குது!”

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. நாட்டில் எவனும் எதற்கும் நேரத்துக்கு வர மாட்டான், இதற்கு மட்டும் முன்னால் வருவான். கதவு திறந்தது, அவள் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள், மாவு மூட்டையைத் தூக்குவது மாதிரி, துண்டால் ஒற்றினாள், தேய்க்கவில்லை, ஒற்றினாள், அதற்கும் அவனுக்குக் கோபம் வந்தது. திரி வைக்க நேரமில்லை, அப்புறம் பாத்துக்கலாம், என்று பஞ்சுப் பட்டையை மட்டும் மடித்து வைத்து உள்ளாடையை ஏற்றிவிட்டாள், பெரிய துணியைச் சுற்றி இடது தோளில் போட்டுவிட்டாள், “தும்மாதீங்க. ரொம்பச் சிரிக்காதீங்க.” நான் என்றைக்குச் சிரித்தேன். கூடத்தில் அவனுடைய நாற்காலியில் ஒரு மெத்தை கிடந்தது, நடுவில் பள்ளம் வைத்துத் தைத்தது, அவள்தான் போட்டிருக்கிறாள், முட்டாள், அதைவிட ஒரு பலகையில் எழுதியே மாட்டியிருக்கலாம். எடுத்து அறைக்குள் எறிந்தான். வெறும் மரம். வந்தவர்கள் நின்றுகொண்டு பேசினால் ஐந்து நிமிடத்தில் முடியும், ஆனால் எங்கள் ஆட்கள் நின்றுகொண்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், வந்தவன் உட்கார வேண்டும், வீட்டுக்காரன் உட்கார வேண்டும், தண்ணீர் வர வேண்டும், குடித்த பிறகுதான் வந்த காரியம், உலகம் தீப்பற்றினாலும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

உட்கார்ந்தான். மெதுவாக, ஒரு பக்கத் தொடையில் பாரத்தை விட்டு, முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிச் சாய்ந்து. ஓபெங் அதைப் பார்த்துவிட்டான், மூக்குப்பொடி ஒழுகும் மூக்கோடு, தங்கப்பூச்சுக் கோலைத் தொடைகளுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, “பாருங்க நானா, இப்பவே ராஜா மாதிரி சாய்ஞ்சு உக்காந்துருக்காரு,” என்றான், அரசித்தாயை நானா என்றுதான் கூப்பிட வேண்டும். மடையனே, நீ வாழ்க. அரசித்தாய் பிராகோ, அவனுடைய அம்மாவின் தங்கை, ஒட்ட வெட்டிய நரைத் தலை, சிறிய உடம்பு, கால் தரையைத் தொடவில்லை, தரையில் பதித்த கல்லைப் பார்க்கிறாள், கூரையைப் பார்க்கிறாள், எவ்வளவு செலவு ஆகியிருக்கும் என்று பார்க்கிறாள். சார்பொமா தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார்கள். அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான், இங்க எல்லாரும் நலம், வழி நடந்தவங்க நீங்க, நீங்கதான் சொல்லணும். அரசித்தாய் உதட்டை அசைத்தாள், அது ஓபெங்கின் வாயில் போய்ப் பெரிதாகி வந்தது, “பெரிய மரம் சாய்ஞ்சிருச்சு, பறவைங்க வெளியில நிக்குது, நிழல் எங்கன்னு கேக்குது.” ஒரு கிழவன் செத்தான், அடுத்தவன் வேண்டும். அதற்கு மரம், பறவை, நிழல்... பஞ்சுப் பட்டை சுருண்டுவிட்டது, ஒரு மடிப்பு சரியாக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, நெற்றியில் வேர்வை. ஓபெங் போய்க்கொண்டேயிருந்தான், ஆற்றைக் கடந்தான், முதலையைக் கேட்டான், கடைசியில் பெயருக்கு வந்தான், உன் பேர்தான் ஓபிரி, உன் பேரைத்தான் நானா வாயில எடுத்திருக்காங்க. அந்த நேரத்தில் வலிகூட நின்றது. நெஞ்சில் ஏதோ ஏறியது, அசிங்கமாக, ஒரு சிறுவனுக்கு ஏறுவது மாதிரி. எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டான், அப்படிக் கேட்பதுதான் முறை.

“தகுதி என்ன தகுதி. இன்னொண்ணு, வழக்கம், மறைக்கக் கூடாது,” என்றான் ஓபெங், “பீடத்துக்குன்னு ஒரு பொண்ணு வரும். அடோமா வீட்டுப் பொண்ணு. டீச்சர் வேலை, இருபத்தாறு வயசு. அது உனக்குப் பொண்டாட்டி இல்ல, பீடத்துக்குப் பொண்டாட்டி. ஆனா பீடம் நடந்து வந்து கதவைத் தட்டாதே, நீதான் தட்டணும்!” அவனே சிரித்தான். சார்பொமா காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட ஒன்றோடு மோதவில்லை. அவளுக்குக் காது கேட்கவில்லையா... கேட்டிருக்கும், சந்தையின் அந்தக் கோடியில் சில்லறை விழுந்தால் கேட்கும் காது. கேட்டால் என்ன, அவள் இந்தக் குடும்பம் இல்லை, பிள்ளை பெற்றவள், அவ்வளவுதான், ரத்தம் தாய் வழியில் வருவது, பீடமும் அப்படித்தான் வருவது, அவளிடம் எவன் என்ன கேட்கப்போகிறான். அப்போதுதான் கிழவி கையை உயர்த்தினாள், ஓபெங்கைத் தாண்டி, தானே பேசினாள், குரல் எதிர்பார்த்ததைவிடத் தடிமனாக இருந்தது.

“பொறந்த உடம்பை அம்மாக்காரி பாத்தா. அவ போய்ட்டா. வளர்ந்த உடம்பை யார் பாத்தது? தண்ணி கொண்டுவந்த அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லு.”

“நானா, அது நம்ம குடும்பம் இல்லையே,” என்றான் ஓபெங்.

“அதனாலதான் கேக்குறேன். குடும்பம் பொய் சொல்லும்.”

சார்பொமா தட்டோடு வந்து நின்றாள். கிழவி கேட்டாள், “இவன் உடம்புல குறை உண்டா? வெட்டு, காயம், ஆறாதது, ஒழுகறது, உண்டா?” ஒழுகறது. ஏன் அந்தச் சொல், யார் சொன்னார்கள், அந்த நர்ஸா, சுன்யானி என்று சொன்னதை அவள் நம்பவில்லையா, இல்லை, எல்லோரிடமும் கேட்கிற வரிசைதான், டார்க்வாவிடமும் கேட்டிருப்பார்கள்... பட்டைக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது, தண்ணீரா, வேறா. ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. உண்டு நானா. அவ்வளவுதான், பீடம் போச்சு, டீச்சர் போச்சு, ஊர் முழுக்கப் பாட்டு, ஓட்டை விழுந்த ராஜா என்று குழந்தைகள் கயிறு தாண்டிக்கொண்டே பாடும், அவள் பழையபடி இந்த வீட்டில் ஒரே மனைவியாகவே இருப்பாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் என்ன சொன்னோம் இவளிடம், தண்ணீர், தண்ணீரைப் பற்றி ஏதோ, அதற்கு முன்னால், நேற்று, நேற்று என்ன சொன்னோம், ஒரு நல்ல வார்த்தை, ஏதாவது, இருந்திருக்க வேண்டும், எங்கேயோ...

“இல்ல நானா. ஒரு குறையும் இல்ல. நல்லா இருக்கார்.”

கிழவி கண்ணை எடுக்கவில்லை. “தெரிஞ்சு சொல்றியா?”

“தினமும் பாக்கறவ நானா, நான்.”

“தினமுமா!” ஓபெங் தொடையில் அறைந்துகொண்டான், “இந்த வயசுலயா! நானா, குறை இல்லன்னு கேட்டோம், இங்க உபரியே இருக்குது போல!” கிழவியின் வயிறு குலுங்கியது, சத்தமில்லாமல் சிரித்தாள், அவனும் சிரித்தான், ரொம்பச் சிரிக்காதீங்க, சிரித்தான், ஊசி குத்தியது. பிறகு அவர்கள் புறப்பட விடை கேட்டார்கள், அவன் விடை கொடுத்தான், எழுந்தான், நாற்காலி காய்ந்திருந்தது, கேட் வரை நடந்தான், கார் புழுதியோடு போனது.

குப்புறப் படுத்தபோது வெற்றிதான் இருந்தது, வேறென்ன. எவ்வளவு சுலபம். முதலையும் மரமும் பேசுகிற கூட்டத்தை ஏமாற்ற ஒரு பேசின் வியாபாரி போதும். கண்ணைக்கூடச் சிமிட்டாமல், அரசித்தாயின் முகத்துக்கு நேரே, பூசாமல், மெழுகாமல், சத்தியம் எதுவும் செய்யாமல், நல்லா இருக்கார். கெட்டிக்காரிதான். ஏன் சொன்னாள் என்று கேட்கலாமா, கேட்டால் பதில் ஏதாவது வரும், வந்தால் அதை என்ன செய்வது. “அந்த டீச்சர் விஷயம்,” என்று தலையணைக்குள் ஆரம்பித்தான், “அது வழக்கம்தான், பேருக்கு...”

“அசையாதீங்க,” என்றாள்.

போன் விளக்கு சுவரில் விழுந்தது. இடுக்கி, சில்லிப்பு. பழக்கத்தில் பல்லைக் கடித்தான், பழக்கத்தில் கேட்டான்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல.”

கடித்த பல் அப்படியே நின்றது. அதே குரல். உயரவில்லை, தாழவில்லை, கூடத்தில் கேட்ட அதே குரல், அதே அளவு, நூல் பிடித்து அளந்த மாதிரி. நேற்றும் இதுதான், முந்தாநாளும் இதுதான், திரி வைத்த முதல் நாளிலிருந்து இதே குரல்தான்... கூடத்தில் அது பொய் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்ததே அவனுக்கு மட்டும்தான், கிழவிக்குத் தெரியவில்லை, அத்தனை வருடம் ஆட்களின் முகத்தைப் படித்த கிழவிக்கே தெரியவில்லை. தலையைத் திருப்பினான், கழுத்து திரும்பும் தூரம்வரை, தலையணையின் ஓரம் தெரிந்தது, அவளுடைய முழங்கை தெரிந்தது, முகம் தெரியவில்லை.

“அடியிலேர்ந்துதானே?”

“அடியிலேர்ந்துதான்.”

திரி உள்ளே போனது. வழக்கமாகப் போகிற தூரம் போகவில்லையோ, சீக்கிரமே நின்றுவிட்டதோ, நேற்றைவிட வலி குறைவு, வலியே இல்லை என்றுகூடச் சொல்லலாம், சதை வளர்ந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும், இல்லை, திருடனை உள்ளே வைத்து வாசல் மூடிவிட்டது என்றாலும் அப்படித்தான் இருக்கும்... அவள் பட்டையை வைத்து ஒட்டினாள், துணியை இழுத்து மூடினாள், முடிஞ்சுது, எழுந்திரிங்க என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. வலிக்கவில்லை என்பதை அவளிடம் சொல்ல வேண்டுமா, சொல்லக் கூடாதா என்று யோசித்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.